உச்சிமாகாளியின் இடது சிறுநீரகம்

"உள்ளே ஏத்தின பிறகு குழாயைக் கொஞ்சம் திருப்பிக்கிடலாமா மேடம்?" என்று கேட்டார் தளவாய்.

கேள்வி சாதாரணமாகத் தெரியட்டும் என்று சிரிக்கவும் செய்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

டாக்டர் தளவாய்க்கு ஐம்பத்துநாலு வயசு. இருபத்தைந்து வருஷம் வயிற்றைக் கிழித்து ரத்தக்குழாய் தைத்த மனுஷன். இப்போது கிழிக்காமல் செய்கிற வித்தையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பன்னிரண்டு வயசு இளையவரான டாக்டர் பர்வீனிடம் வந்து சேர்ந்திருந்தார். 'கிழவன் பள்ளிக்கூடம் போறான்' என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள். அதையெல்லாம் தூசி மாதிரி தட்டிவிட்டவர்தான்.

வித்தை இதுதான். வயிற்றில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கிவிட்டால், அது வெடிப்பதற்குள் தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, கம்பி வைத்துத் தைத்த துணிக்குழாய் ஒன்றை உள்ளே ஏற்றி விரித்துவிடுவது. வீக்கம் சிறுநீரகக் கிளைகள் வரை ஏறிவிட்டால்தான் வம்பு. துணியில் ஒவ்வொரு கிளைக்கும் நேராக ஒரு ஜன்னல் வேண்டும். ஸ்கேனைப் பார்த்து, எந்த ஜன்னல் எந்தத் திசை என்று கடிகாரத்தில் மணி சொல்வதுபோல் எழுதிக்கொடுத்தால், வெளிநாட்டில் அந்த ஆளுக்கென்றே தைத்து அனுப்புவார்கள். மூன்று மாசம் ஆகும்.

உச்சிமாகாளிக்கு அளவு எழுதினவர் தளவாய். குழாய் வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன்.

"எவ்வளவு திருப்பணும் சார்?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கேன்."

"பேச்சுக்கு எவ்வளவு?"

"இடது சிறுநீரகத்துக்கு... ஒரு மணி."

பர்வீன் கை கழுவுவதை நிறுத்தினார்.

"எழுதினது?"

"மூணு."

"இருக்கிறது?"

"நாலு. காலையிலதான் பாத்தேன்."

"அளந்தீங்கல்ல?"

முழுப் பூசணிக்காயை எத்தனை சோற்றில்தான் மறைப்பது?

"அளக்கல மேடம். வலதை அளந்தேன். எத்தனை வயிறு பாத்தாச்சு, இடது எப்பவும் மூணுலதானே இருக்கும்னு எழுதிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது காதுமடல் வரை கொதித்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கேட்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

பர்வீன் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"திருப்பலாம் சார். இடது பிழைக்கும், வலது ஜன்னல் விலகி அந்தச் சிறுநீரகம் போயிரும். எந்தச் சிறுநீரகம் வேணும்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வந்துருங்க."

தளவாய் போனார்.

உச்சிமாகாளி லாரி ஓட்டின ஆள். பீடி தின்றது போக மிச்சமிருந்த நெஞ்சு. வயிற்றைக் கிழித்தால் தாங்காது. ஆபரேஷனுக்கென்று பட்டினியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஆபரேஷன் இல்ல. வந்த குழாய் உங்களுக்குப் பொருந்தாது. நான் அளக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது."

"புதுசு எப்ப வரும்?"

"மூணு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள வெடிச்சிட்டா?"



"வெடிக்கலாம் அண்ணாச்சி," என்றார் தளவாய். வெட்கமும் பயமும் சேர்ந்து கண் கலங்கிவிட்டது.

உச்சிமாகாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பர்வீனைப் பார்த்தார்.

"மறுபடி அளக்கப்போறது யாரு டாக்டரம்மா?"

இனி இந்தக் கையில் யாரும் ஒரு பேனாவைக்கூடத் தரமாட்டார்கள். தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவர்தான்," என்றார் பர்வீன்.

உச்சிமாகாளிக்கு நெஞ்சிலிருந்து இருமல் கிளம்பியது. வாயைப் பொத்தி, வயிற்றை அழுத்திப் பிடித்து, கண்ணில் நீர் முட்ட அதை அப்படியே விழுங்கினார்.

"அப்ப அவசரப்படாம அளங்க சார்," என்றார். "நான் இருமாம இருந்துக்கிடுதேன்."