கணக்கில் வராத ஆள்

தூத்துக்குடி மைதானத்தில் பதினோரு வருஷமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுவந்தவன் பனியடிமை. அந்தக் கோட்டுக்குள் நின்று ஒரு தடவையாவது பந்தை உதைக்கவேண்டும் என்பது அவன் ஏக்கம். கோடோ, அவனை வெளியே நிறுத்தவென்றே அவன் கையால் போடப்பட்டது.

அன்று கோச் கஸ்பார் பாடம் நடத்தினார். "தாக்கும்போது நம்ம பக்கம் ஒரு ஆள் அதிகமா இருக்கணும். இங்கே ரெண்டுக்கு ரெண்டு. புதுசா ஒரு ஆளையும் சேர்க்காம இதை மூணுக்கு ரெண்டா ஆக்கி கோல் போடுங்க. ஆக்குறவனுக்கு நாளைக்கு மேட்ச்ல இறங்க ஜெர்சி!"

கோட்டோரம் நின்றவன் முன்னால் வந்தான்.

"நான் செய்யட்டுமா சார்?" என்றான் பனியடிமை.

"ஏலே, நீயெல்லாம் ஒரு ஆளாலே?" என்றார் கோச்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியது. பனியடிமை சுண்ணாம்பு வாளியோடு கோல் பக்கம் நடந்தான். தடுப்பவர்கள் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். வாளிக்காரனை யார் பிடிப்பார்கள்? அவன் கண் காட்டினான், பந்து வந்தது. வாளியை வைத்தான், உதைத்தான். கோல்!

"செல்லாது! மூணு பேர் ஆடியிருக்கீங்க!" என்று கத்தினார் கோச்.

"நான் ஆளில்லேன்னா கோல் செல்லும், ஜெர்சி எனக்கு. ஆள்தான்னா, அதை எல்லாரும் கேட்க இன்னொரு தடவை சொல்லிருங்க சார். ஜெர்சிகூட வேண்டாம்."

கோச் சொல்லவில்லை, ஜெர்சியை எடுத்து வீசினார்.

மறுநாள் பனியடிமை முதல் தடவையாகக் கோட்டை உள்ளேயிருந்து பார்த்தான். கொஞ்சம் கோணலாக இருந்தது. போட்டவர் கோச்.