யானையை அதட்டிய ஆமை

புங்கமடு என்ற காட்டுக் குளத்தில் கருவோடன் என்று ஓர் ஆமை இருந்தது. அதற்கு யானைகளின் மொழி தெரியும். ஆனால் யானைகளிடம் ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை.

கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் ஓடைகள் வற்றிவிடும். யானைகள் கூட்டமாகப் புங்கமடுவுக்கு வந்து பத்து நாள் தங்கும். அவற்றின் பேச்சு வயிற்றிலிருந்து உறுமலாகக் கிளம்பித் தரையில் இறங்கும். கரையோரம் கிடக்கும் கருவோடனின் ஓடு அதில் அதிரும். அப்படி அதிர்ந்து அதிர்ந்தே அது மொழியைக் கற்றுக்கொண்டது. வாத்தியார் கிடையாது, பாடம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள். காது கிழிந்த ஒரு கிழட்டு யானை. குட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. விடிந்தால் போதும், அதட்ட ஆரம்பித்துவிடுவாள். "நில்லு. ஓடாதே. வாலைப் பிடி. ஆடாமப் படு." கருவோடனுக்குத் தெரிந்த வார்த்தைகளில் முக்கால்வாசி அவளிடமிருந்து வந்தவைதான். அது அவளுக்குத் தெரியாது. காலடியில் கிடப்பது கல் என்றே நினைத்திருப்பாள்.

தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் கருவோடன் யானைமொழியை வெளுத்து வாங்கும். உள்ளே எதிரொலிக்கும்போது கேட்கக் கம்பீரமாகக்கூட இருக்கும். தலையை வெளியே நீட்டினால் ஒரு வார்த்தை வராது.

அதற்குக் காரணம் சொக்கி என்ற கிளி. மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த கிளி அது. யானைமொழியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்ளும். ஒருமுறை கருவோடன் ஆசையாக அதனிடம் நாலு வார்த்தை பேசிக் காட்டியது. சொக்கி கிளையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தது.

"இது பச்சைக்குழந்தைங்ககிட்ட பேசுற பேச்சுடா. நில்லு, படு, வாலைப் பிடியாம். பெரிய யானைகிட்ட இப்படிப் பேசிப் பாரு, மிதிச்சுத் தேய்ச்சுடும்."

குளமே சிரித்தது. கருவோடனின் தலை உள்ளே போனது. அதன் பிறகு அந்த மொழியை நினைத்தாலே தலை தானாக உள்ளே போய்விடும்.

போன கோடையில் ஒன்று நடந்தது. ஊர் திரும்பும் நாளில் யானைகள் கரையில் நின்று பொதுவாகக் கேட்டன: "வடக்கு வழியில தண்ணி இருக்கா?" கருவோடனுக்குக் கேள்வி புரிந்தது, பதிலும் தெரியும். வடக்கே ஒரு சொட்டுக் கிடையாது. அதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று ஓட்டுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தது. கோத்து முடித்துத் தலையை நீட்டியபோது கரை காலியாக இருந்தது. யானைகள் வடக்கே போயிருந்தன.

இந்த வருஷம் மழையில் தெற்குக் கரை சரிந்து புதைசேறாகிவிட்டது. மேலே பச்சைப் பசேலென்று கோரைப்புல். பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். தை மாதத்தில் ஒரு காட்டுப்பன்றி அதில் கால் வைத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. ஒரு குமிழி வந்தது. அதோடு சரி.

கோடை வந்தது. குளத்துத் தவளைதான் முதலில் கேட்டது.

"ஏம்பா, யானைங்க எப்பவும் தெக்குக் கரையிலதானே இறங்கும்?"

எல்லோரும் அந்தக் கோரைப்புல்லைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்றது சொக்கி. "வந்ததும் சொல்லிடறேன். பேசத் தெரிஞ்சவங்க பேசணும்." சொல்லிவிட்டுக் கருவோடனை ஒரு பார்வை பார்த்தது.

தவளை கருவோடனின் ஓட்டில் ஏறி உட்கார்ந்தது. "அண்ணே, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலாமே. உள்ளே நீங்க பேசுறதை நான் கேட்டிருக்கேன்."

"எனக்குக் குழந்தைப் பேச்சுதான் தெரியும், தம்பி. என்னை விட்டுடு."

மறுநாள் உச்சிவெயிலில் யானைகள் வந்தன. கருவோடன் ஒவ்வொன்றாகப் பார்த்தது. கிழிகாதுக்காரியைக் காணோம். முன்னால் வந்தது கூட்டத்தின் தலைவி. அவளை எல்லோரும் பெரியவள் என்பார்கள். அவள் பக்கத்தில் புதிதாக ஒரு குட்டி துள்ளிக்கொண்டு வந்தது.

சொக்கி பறந்து போய் உயரமான கிளையில் உட்கார்ந்து தொண்டையை உப்பவைத்தது.

"மலைகளைத் தாண்டி வந்த மாட்சிமை மிக்கவர்களே, புங்கமடு உங்களை வணங்குகிறது. வாருங்கள், இறங்குங்கள், நீராடுங்கள்."

உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. யானைகள் காதை ஆட்டி மகிழ்ந்தன.

"இந்தப் பக்கமே இறங்கலாமா?" என்று பெரியவள் கேட்டாள்.

"வாருங்கள், இறங்குங்கள், நீராடுங்கள்" என்றது சொக்கி.

தவளை மரத்தடிக்குத் தாவி வந்தது. "சொக்கி அக்கா, சேறுன்னு சொல்லிட்டியா?"

சொக்கி சிறகைக் கோதியது.

"அக்கா, சொல்லிட்டியா இல்லையா?"

"சேறுன்னா அவங்க பாஷையில என்னன்னு..." சொக்கியின் குரல் கம்மியது. "எனக்குப் பேச வர்றது இந்த வரவேற்பு ஒண்ணுதான்."

அதற்குள் குட்டி கோரைப்புல்லைப் பார்த்துவிட்டுக் குதித்து ஓடியது. நாலு கால்களும் ஒன்றாக இறங்கின. முழங்கால் போனது. வயிறு போனது. குட்டி கதறியது.

கருவோடன் அந்தக் கரையில்தான் ஓட்டுக்குள் இருந்தது. பெருமைக்குரிய தலைவியே என்பதற்கு என்ன வார்த்தை? தெரியாது. தயவுசெய்து என்பதற்கு? அதுவும் தெரியாது. போன வருஷம் மாதிரியே வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தது. அப்போது ஓட்டின் அடியில் தரை நழுவுவது தெரிந்தது. பெரியவள் ஓடி வருகிறாள். இன்னும் ஓர் அடி வைத்தால் கரை மொத்தமும் சரிந்து குட்டியின் மேல் விழும். அவளும் சேர்ந்து போவாள்.

கருவோடனின் தலை வெளியே வந்தது. தெரிந்ததெல்லாம் வாயில் வந்தது.

"அடியே குட்டி! நில்லு! காலை எடு, பின்னால போ!"

பெரியவள் தூக்கிய காலோடு நின்றாள். மற்ற யானைகளும் நின்றன. எல்லாத் தும்பிக்கைகளும் கரையில் கிடந்த அந்தக் கருப்புக் கல்லின் பக்கம் திரும்பின. மலை போன்ற தலைவியைக் குட்டி என்று அதட்டிய குரல் அங்கிருந்துதான் வந்திருந்தது. தவளை கண்ணை மூடிக்கொண்டது. சொக்கி கிளையைப் பற்றியிருந்த காலை விட்டுவிட்டு, விழப்போய்ப் பிடித்துக்கொண்டது.

பெரியவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

கருவோடன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தலை உள்ளே போய்விடும் என்று அதற்குத் தெரியும். குட்டியைப் பார்த்துக் கத்தியது. "உதைக்காதே. படு. பக்கமாப் படு. ஆடாமப் படு."

உதைத்து உதைத்துப் புதைந்துகொண்டிருந்த குட்டி, தூங்கச் சொன்னால் சாய்வதுபோல் பக்கவாட்டில் சாய்ந்தது. அமிழ்வது நின்றது.

கருவோடன் பெரியவளிடம் திரும்பியது. மேற்கே தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை உண்டு. அது கரையை ஒட்டிக் குட்டி கிடக்கும் இடம்வரை நீளும். பாறை என்ற வார்த்தை அதற்குத் தெரியாது. தண்ணீரில் இறங்கி அதன் மேல் ஏறிக் காட்டியது.

"இங்க வா. மெதுவா. சாப்பிடாம வா" என்றது. சறுக்காமல் என்று சொல்ல நினைத்து வேறு எதையோ சொல்லிவிட்டது. பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அடியாக வந்தாள். தும்பிக்கையை நீட்டிக் குட்டியைப் பிடித்தாள். சேறு வழுக்கியது. இன்னொரு தடவை பிடித்தாள், வழுக்கியது.

"திரும்பு" என்றது கருவோடன். "குட்டி, வாலைப் பிடி."

பெரியவள் திரும்பி நின்றாள். தினமும் நடக்கும்போது பிடிக்கிற வால்தானே! குட்டி பழக்கத்தில் தும்பிக்கையைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டது. பெரியவள் இழுத்துக்கொண்டு நடந்தாள். குட்டி சளக்கென்று பாறை மேல் வந்து விழுந்தது.

குட்டி படுத்தபடியே மூச்சு வாங்கியது.

பிறகு பெரியவள் கருவோடனிடம் வந்தாள். தலை உள்ளே போகத் துடித்தது. கருவோடன் பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டு தலையை வெளியிலேயே வைத்திருந்தது.

"இந்த அதட்டலை எங்கே கத்துக்கிட்டே?" என்று அவள் கேட்டாள்.

"காது கிழிஞ்ச அம்மா" என்றது கருவோடன். "அவங்க எங்கே?"

"அது எங்க அம்மா." பெரியவளின் உறுமல் தரையில் மெல்ல ஓடியது. "நீ நில்லுன்னதும் அவதான் கூப்பிட்டான்னு நின்னுட்டேன். அவளைத் தவிர என்னைக் குட்டின்னு சொல்ல ஆளே கிடையாது. போன கோடையில வடக்கு வழியில போனோம். தண்ணியே இல்லை. மூணாம் நாள் அவ உட்கார்ந்தா. அப்புறம் எழுந்திரிக்கலை."

கருவோடன் காலியாகக் கிடந்த வடக்கு வழியைப் பார்த்தது.

"இங்க நின்னு கேட்டோமே. உங்க குளத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எங்களைப் பிடிக்கலை போலன்னு நினைச்சோம்." அவள் குனிந்து பார்த்தாள். "அன்னைக்கு நீ இங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"நாங்க கேட்டது புரிஞ்சுதா?"

புரியவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"புரிஞ்சுது" என்றது கருவோடன்.

பெரியவளின் தும்பிக்கை ஓட்டின் மேல் வந்து அமர்ந்தது. அழுத்தினால் ஓடு அப்பளம்போல் நொறுங்கிவிடும். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை கருவோடனுக்குத் தெரியாது. கிழிகாதுக்காரி அடிக்கக் கை ஓங்கும்போது, அதாவது தும்பிக்கை ஓங்கும்போது, குட்டிகள் சொல்லும் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதைச் சொன்னது.

"இனிமே செய்யமாட்டேன்."

தும்பிக்கை அழுத்தவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து போனது.

பத்து நாளும் கருவோடன் யானைகளோடு பேசியது. தப்பும் தவறுமாகத்தான். குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்துவிட்டுச் சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தன. சேறு என்பதற்கான வார்த்தையைச் சொக்கியும் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டது.

பதினோராம் நாள் யானைகள் கிளம்பின. பெரியவள் கரையில் நின்று, குளத்தைப் பார்த்து, போன வருஷம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"வடக்கு வழியில தண்ணி இருக்கா?"

கருவோடன் கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டியது.

"இல்ல. மேற்கே போ. ஓடாதே. வாலைப் பிடி."

யானைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தன. பெரியவளுக்கு முன்னால் பிடிக்க வால் இல்லை. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறர் மொழியைத் தப்பாகப் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தெரிந்தும் பேசாமல் இருந்தால் அதனால் ஓர் உயிரே போய்விடலாம்.