கெண்டைக்கால் கேட்டவன்

"தாயி, எனக்குக் கெண்டைக்கால் வேணும்" என்றான் லிங்கதுரை.

அளத்துத் தாயி உப்புப் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருக்கே அண்ணாச்சி. ரெண்டு இருக்கு."

"இது காலா தாயி? முருங்கைக்காய்."

சும்மா சொல்லக் கூடாது, முருங்கைக்காய்தான். இடுப்புக்கு மேலே ஆள் கோட்டைக் கதவு. தோளும் மார்பும் சட்டைக்குள் அடங்காது. "மச்சு வீட்டைக் கட்டிட்டு அஸ்திவாரத்தை மறந்துட்டான்" என்று ஜிம்மில் சிரிப்பார்கள். ஆணழகன் போட்டி மேடையில் முன்பக்கம் காட்டும்வரை அவன்தான் ராஜா. "திரும்பி நில்லுப்பா" என்பார் நடுவர். அதோடு சரி.

தாயி என்றதும் வயதானவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு இளையவள். கைவிடப்பட்ட அந்த உப்பளத்தில் எப்போது வந்து குடியேறினாள், யார் வீட்டுப் பெண், ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் போனவர்களுக்குக் கேட்டது கிடைத்தது என்று ஊரில் பேச்சு. கிடைத்த பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"உழைச்சியளா?" என்றாள் தாயி.

"வருஷக்கணக்கா. குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்னு எங்க வீட்டுப் படியே தேஞ்சுபோச்சு. தோள்ல மூட்டையை வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நூலு ஏறல தாயி."

"பொறவு?"

"உழைப்பு பத்தலைங்கார் மாஸ்டர். பரம்பரைங்கார் டாக்டர். எங்கப்பாவுக்கும் இதே காலுதான். சொத்துன்னு ஒண்ணும் வைக்கல. இதை வச்சிட்டுப் போயிட்டாரு."

செத்துப்போன மனிதர்மேல் அவனுக்கு உண்மையாகவே கோபம்.

"நீங்களே சொல்லுங்க. உழைப்பா, பரம்பரையா?"

தாயி ஒரு கடலையை வாயில் போட்டு மென்றாள்.

"மிதிங்க" என்றாள்.

உப்புப் பாத்தியில் தண்ணீர் விடுமுன் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரையெல்லாம் பூமி குடித்துவிடும். ஈர மண்ணில் அடிக்கு அடி விடாமல் மிதிக்கிற வேலை. பார்க்கச் சுலபம். செய்தவனுக்குத்தான் தெரியும் முழங்காலின் கதறல்.

லிங்கதுரை மிதித்தான். அவனுக்குப் பக்கத்து ஊர்தான். வரப்பில் ஏறினால் அவன் வீட்டுப் பச்சைச் சுவரும் வாசலும் தெரியும். விடிந்ததும் வருவான். மனைவி தங்கபுஷ்பம் கட்டிக்கொடுத்த சோற்றை மதியம் தின்பான். பொழுது சாயத் திரும்புவான். மாதங்கள் போயின.

தரை இறுகியது. கால் அப்படியே இருந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவனுக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

"இது எங்கப்பன் காலு தாயி. இது திருந்தாது. எனக்கு இந்தக் காலே வேண்டாம்!"

தாயி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாமா?"

"வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும் சனியனை."

காற்று நின்றுபோயிருந்தது. ஊரில் அந்த நேரத்தில் பிள்ளைகளை உப்பளத்துப் பக்கம் விடமாட்டார்கள். நிழல்கள் எல்லாம் காலடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் நேரம் அது.

தாயி எழுந்து கடைசிப் பாத்திக்கு அவனைக் கூட்டிப்போனாள். அங்கே காய்ந்து கல்லாகிப்போன தரையில் காலடித் தடங்கள் இருந்தன. ஆழமான தடங்கள். பாத்தியின் குறுக்கே வரிசையாகப் போயின.

"யாரோடது?"

"இங்க மிதிச்சவரு. கெண்டைக்காலு ஒவ்வொண்ணும் பனங்காய் தண்டி இருக்கும்."

"இப்போ எங்க இருக்காரு?"

"இங்கதான்."

லிங்கதுரை நாலு பக்கமும் பார்த்தான். ஒரு காக்கைகூட இல்லை.

"தடத்துல காலை வச்சு நடங்க அண்ணாச்சி."

வைத்தான். கொதிக்கிற வெயிலில் அந்தத் தடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. அடுத்த அடியில் கணுக்காலைச் சுற்றி ஏதோ ஏறுவது போலிருந்தது. அதற்கடுத்த அடிகளில் தோல் இழுத்துக்கொண்டு விம்மியது. குனிந்து பார்த்தான்.

கெண்டைச் சதை. உருண்டு, திரண்டு, நடுவில் கோடு பிரிந்து, நடுவர்களே எழுந்து நிற்கிற மாதிரிக் கெண்டைச் சதை!

"தாயி! ஐயோ தாயி!"

சிரித்தான், அழுதான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. இனி எந்த மேடையிலும் தைரியமாகத் திரும்பி நிற்கலாம். நின்று ஒருமுறை கண்ணாரப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கால் நிற்கவில்லை.

தடம் போன வழியே அது போயிற்று. பாத்தியைத் தாண்டி, வரப்பில் ஏறி இறங்கி, இத்தனை மாதமும் அவன் கண்ணில் படாத ஓர் ஓலைக் குடிசையின் முன்னால் கொண்டுபோய் விட்டது.

வாசலில் ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"வந்துட்டியளா? எம்புட்டு நேரமாக் காத்துக் கிடக்கேன்!"

குனிந்து அவன் காலைக் கழுவினாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"அம்மா, நான் அவரில்ல."

"விளையாடாதிய. எனக்குக் காலு தெரியாதா?" என்று முந்தானையால் துடைத்தாள். "மாமனாருக்கு இருந்த அதே காலு."

அவனுக்குப் பயம்தான். ஆனாலும் மனுஷ புத்தியைப் பாருங்கள், அந்த நேரத்திலும் கேட்டான்.

"அப்போ இது பரம்பரையா வந்த காலா? மிதிச்சு வந்தது இல்லையா?"

"மாமாவும் மிதிச்சாகதான" என்றாள் அவள். "அவுக அப்பாவும் மிதிச்சாக. உள்ள வாங்க, சோறு ஆறுது."

காலில் ஊற்றிய தண்ணீர் அதற்குள் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஒரு கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. லிங்கதுரை கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரே இருட்டு. போனால் திரும்ப முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு நினைப்பு வந்தது.

"தாயி!"

"என்ன அண்ணாச்சி?"

பின்னாலேயே நின்றிருந்தாள்.

"என் காலைக் குடுத்துருங்க தாயி. எனக்கு இது வேண்டாம்."

"எங்கிட்ட ஏது? யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்னிய. இங்க மிதிச்சவரு எடுத்துக்கிட்டாரு."

மோவாயால் சுட்டிக்காட்டினாள்.

உப்பளத்தின் அந்தக் கோடியில் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே இரண்டு மெல்லிய கால்கள். தன் காலைப் பின்னாலிருந்து லிங்கதுரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்தது.

"எங்க போறான்?"

"காலு அது வீட்டுக்குப் போவுது."

தூரத்தில் பச்சைச் சுவர். வாசலில் தங்கபுஷ்பம் காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். எவ்வளவு தொலைவில் வந்தாலும் புருஷனைக் காலைப் பார்த்துத்தான் அவள் கண்டுபிடிப்பாள். ஊரில் அப்படியொரு கால் வேறு யாருக்கு இருக்கிறது?

அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. வீட்டுக்குள் திரும்பி ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து அவன் மகள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடியே! அது நானில்ல! கதவைச் சாத்து!"

காற்றில்லாத வெளியில் அவன் குரல் அவன் வாயை விட்டே போகவில்லை.

படியிலிருந்து காலைப் பிய்த்து எடுத்தான். "சோத்தை வச்சிட்டு எங்க போறிய?" என்று பின்னால் அந்தப் பெண் அழைத்தாள். ஓடினான். ஓடினான் என்று சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். மிதித்தே பழகிய கால் அது. ஒவ்வோர் அடியும் தரையை முழுசாக அமுக்கிவிட்டுத்தான் எழுந்தது. கெண்டைச் சதை கல்லாகத் திரண்டு நின்றது, நல்ல பலம், நல்ல அழகு. இடம்தான் நகரவில்லை.

முன்னால் போகிறவன் ஓடக்கூட இல்லை. நடந்தான். அந்த மெல்லிய கால்கள் மண்ணில் பட்டதும் படாததுமாகப் பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டு வேலியை நெருங்கிவிட்டன.

லிங்கதுரைக்கு மூச்சு முட்டியது. கண்ணீர் கண்ணை மறைத்தது.

"தாயி, நடந்துதான போறான்? என்னால எட்டிப் பிடிக்க முடியலையே!"

"உங்கப்பா நடைக்கு இந்த ஊர்ல எவன் ஈடுகொடுத்தான் அண்ணாச்சி?" என்றாள் தாயி.