அஞ்சுகத்தின் பேரில் ஒரு கூடு

“பன்னிரண்டு கிடைச்சிருக்கு மேடம். இன்னும் ஏன் புது இனம் இல்லைங்கறீங்க?” என்று கேட்டார் குலசேகரன்.

“இல்லைன்னு நான் சொல்லலையே சார்” என்றார் ஜெனிட்டா.

குலசேகரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாக ஜெனிட்டாவிடம் மாணவர். வழிகாட்டிக்கு அவரைவிடப் பத்தொன்பது வயது குறைவு. அதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

அவர்கள் ஆராய்வது கூடுகளை. டைனோஃபிளாஜெல்லேட் என்பது கடலில் மிதக்கும் ஓரணு உயிர். காலம் சரியில்லை என்றால் ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். நிலைமை தேறியதும் கூட்டில் ஒரு கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடும். காலிக் கூடு சேற்றில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். முள்ளையும் கதவையும் பார்த்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும்.

குலசேகரனின் பன்னிரண்டு கூடுகளில் முள் இருந்தும் இல்லாத மாதிரி, வெறும் மொட்டு மொட்டாக இருந்தது.

அந்த இனத்துக்கு மனைவி அஞ்சுகத்தின் பேரை வைக்கப் போகிறார். ஆறு வருடம், கூடு தேடி அவர் வெட்டிக்கொண்டு வந்த களிமண்ணை மொட்டைமாடியில் காயவைத்து, பூனை மிதிக்காமல் காவல் இருந்தவள் அவள்.

“மனுஷங்க இருக்கற வரைக்கும் உன் பேரு இருக்கும்” என்று அவளிடம் சொல்லியும் விட்டார். அவள் அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

“கதவு எப்படி இருக்கு?” என்று கேட்டார் ஜெனிட்டா.

“பழைய இனத்துல இருக்கற மாதிரியேதான். ஆனா அதுக்கு முள்ளு நீளம் மேடம். இதுக்கு மொட்டை.”

“முந்நூறு எண்ணினீங்களே, மிச்சம் எத்தனை?”

மைக்ராஸ்கோப் ஸ்லைடில் முந்நூறு கூடு எண்ணுவது இந்தத் தொழிலில் வழக்கம். எதிலும் சேராததை ‘அடையாளம் தெரியாதவை’ என்று கடைசி வரியில் தள்ளிவிடலாம். அந்த வரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

“முப்பத்தேழு. எல்லாம் உடைஞ்சது.”

“அதையும் படம் எடுத்துக்கிட்டு வாங்க.”

பத்து நாள் கழித்து வந்தார். முகம் நன்றாக இல்லை.

“எல்லாம் உடைஞ்சதா சார்?”

“நாலுதான். மத்தது முழுசா இருக்கு. முள்ளு நீளமும் இல்ல, மொட்டையும் இல்ல.”

“எண்ணும்போது தெரியலையா?”

“பத்தாவதைப் பாக்கறப்பவே தெரிஞ்சுது மேடம். தெரியாத மாதிரி இருந்துட்டேன்.”

ஜெனிட்டா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எல்லாப் படத்தையும் முள்ளு நீளப்படி அடுக்குங்க” என்றார்.

நீள முள் பழைய இனம் இடது ஓரம். அவருடைய பன்னிரண்டும் வலது ஓரம். நடுவில் அந்த முப்பத்து மூன்று. மேஜை போதாமல் இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஜெனிட்டா மரஸ்கேல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“பழைய இனம் எங்க முடியுதோ, அங்க வைங்க.”

குலசேகரன் நடுவில் ஓரிடத்தில் வைத்தார். ஸ்கேலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு படங்களும் கூடப்பிறந்தவை போல இருந்தன. எடுத்து நாலு படம் தள்ளி வைத்தார். அங்கேயும் அப்படித்தான். திரும்ப எடுத்தார்.

“ஆத்துத் தண்ணி கலந்து உப்பு குறைஞ்சா முள்ளு வளராதுன்னு படிச்சிருக்கேன் மேடம்.”

“நானும் படிச்சிருக்கேன் சார்.”

“வீட்ல ஊரெல்லாம் சொல்லிட்டா.”

“தெரியும். அவங்க பேரு எந்தப் படத்துல ஆரம்பிக்குதுன்னு காட்டுங்க. உங்க ஆய்வேட்டுல இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.”

குலசேகரன் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை நடந்தார். அஞ்சுகத்தின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்து வந்து ஸ்கேலைக் கொடுத்தார்.

“பேரை அடிக்கணும். பேனா குடுங்க மேடம்” என்றார்.