அறுபதாயிரம் அடிக்கு மேல் ஒரு திருப்பம்

"பிரகலாதன் என்ன தப்பு செஞ்சார், மேடம்?" நல்லசிவம் கேட்டார்.

கேப்டன் ரெஜினா மச்சாடோ தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விமானம் குலுங்குச்சு. மூக்கை இறக்கினார்."

"குலுங்கினா மூக்கை இறக்கணும். அது சரிதானே?"

"பாதி நாள் சரி."

"மீதி நாள்?"

ரெஜினா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார்.

அந்தக் கடலோரத் தளத்தில் அந்த வகை விமானங்கள் முன்பு இரண்டு இருந்தன. நீண்டு ஒல்லியான இறக்கைகள் கொண்டவை. பயணிகள் விமானம் எட்டாத உயரத்தில், மழைமேகங்களுக்கும் மேலே போய், காற்றை அளந்துவிட்டுத் திரும்புபவை. ஒன்றைப் பிரகலாதன் தனியாக எடுத்துப் போனார். அது மேலேயே முறிந்து கடலில் விழுந்தது.

மிச்சமிருந்த ஒன்றை ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் நல்லசிவம் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. பாதி ஆயுள் போர்விமானத்தில் கழிந்தது. கற்றுத்தரும் ரெஜினா தூத்துக்குடிக்காரர். நல்லசிவத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அந்த உயரத்தில் அவரளவுக்குப் பறந்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை.

இரண்டு மாதமாக ஒரே கதைதான். ஏறுவார்கள். உச்சியை நெருங்கும்போது பின்னிருக்கையிலிருந்து ரெஜினாவின் குரல் வரும். "போதும். இறக்குங்க."

நல்லசிவத்துக்குப் பொறுக்கவில்லை. விமானக் கொட்டகை வாசலில் அவரை மறித்தார்.

"ஏன் மேடம் என்னை மேல விடமாட்டேங்கறீங்க?"

"மேல போய் என்ன செய்வீங்க?"

"நீங்க சொல்றதைச் செய்வேன்."

"நான் ஒண்ணும் சொல்லலைன்னா?"

அந்தக் கேள்வியை நல்லசிவம் யோசித்ததே இல்லை.

"சரி," என்றார் ரெஜினா. "நாளைக்குப் போகலாம்."

மறுநாள் காலை இருவரும் காற்றழுத்த உடை போட்டு, தலையில் கனத்த ஹெல்மெட் பூட்டிக்கொண்டு ஏறினார்கள். நல்லசிவம் முன்னே. ரெஜினா பின்னே, தனி அறையில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் காதில் கேட்கும். இரண்டு அறையிலும் ஓட்டுவதற்கான ஸ்டிக் இருந்தது.

மேகம் கீழே போயிற்று. நீலம் கறுத்தது.

ஏற ஏறக் காற்று மெலிந்தது. நல்லசிவம் வேகமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் 'நாட்' என்ற வேக அளவில் இரண்டு கோடுகள். ஒன்றுக்குக் கீழே வேகம் போனால் இறக்கைக்குக் காற்று பிடிபடாது. விமானம் கல்லாக விழும். மற்றதைத் தாண்டினால் ஒலியின் வேகம் நெருங்கிவிடும். அந்த அதிர்வை ஒல்லி இறக்கை தாங்காது. தரைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. இப்போது முள் மட்டும் நிற்கும் அளவுக்குத்தான் இருந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்றது காதில் குரல்.

"ஆறு நாட். அவ்வளவுதான்."

"ஆட்டோபைலட்டை நிறுத்துங்க. இடது பக்கம் திரும்புங்க."

நிறுத்தினார். விமானம் அவர் கைக்கு வந்தது. இடது இறக்கையை லேசாகச் சாய்த்தார். மூக்கு மெல்லத் திரும்பத் தொடங்கியது. கடற்கரை ஒரு வெள்ளை நூல்போலக் கீழே நகர்ந்தது.

அப்போது குலுங்கியது.

முதலில் காலடியில். பிறகு இருக்கையில். பிறகு பல்லில்.

நல்லசிவம் முள்ளைப் பார்த்தார். அது இரண்டு கோட்டுக்கும் நடுவே துடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை.

"மேடம், வேகம் குறைஞ்சதா, கூடினதா?"

"நீங்க சொல்லுங்க."

குறைந்திருந்தால் மூக்கை இறக்க வேண்டும். கூடியிருந்தால் மூக்கைத் தூக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிரகலாதன் போன இடத்துக்குத்தான் போக வேண்டும்.

குலுக்கல் வலுத்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் துடைக்க வழியில்லை. அவர் பிடி இறுகியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை எதற்கும் காத்திருந்ததில்லை. எதிரி விமானமோ, எரிகிற எஞ்சினோ, யோசிப்பதற்குள் கை முடித்துவிடும். இப்போதும் அது மூக்கை இறக்கத் துடித்தது.

"மேடம், தெரியலை."

காதில் மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்க எடுத்துக்குங்க."

அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

"மாட்டேன்," என்றார் ரெஜினா.

"மேடம், உடைஞ்சிரும்."

"ஆமா."

நல்லசிவத்துக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பயம் வந்ததும் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றியது. விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளர்ந்தன.

தளர்ந்த பிறகுதான் அவர் கவனித்தார். குலுக்கல் ஒன்றல்ல.

இடது இறக்கை கனமாக, விட்டு விட்டு உதறியது. வலது இறக்கை பொடிப்பொடியாக நடுங்கியது. இருக்கையின் இரு பக்கமும் இரண்டு விதமாக இருந்தது. திரும்பும்போது உள்பக்க இறக்கைக்குப் போக வேண்டிய தூரம் குறைவு. வெளிப்பக்க இறக்கைக்கு அதிகம். அந்தச் சின்ன வித்தியாசமே மிச்சமிருந்த ஆறு நாட் இடைவெளியையும் தின்று தீர்த்திருந்தது.

"ரெண்டும்," என்றார்.

"என்ன?"

"இடது இறக்கை மெதுவா போகுது. வலது வேகமா போகுது. ரெண்டுமே."

அவர் மூக்கை இறக்கவில்லை. தூக்கவுமில்லை. இரண்டு விரலால் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினார். தள்ளினார் என்பதுகூட அதிகம், தள்ள நினைத்தார், அவ்வளவுதான். சாய்ந்திருந்த இறக்கை மயிரிழை மயிரிழையாக எழுந்தது. பாதி எழுந்தபோது ஒருமுறை பலமாக உதறியது. அவர் கை நகரவில்லை.

இறக்கைகள் சமமாயின.

குலுக்கல் நின்றது. எஞ்சின் சத்தம்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. முள் அசையாமல் நின்றது.

"இறக்குங்க," என்றார் ரெஜினா. "மெதுவா."

அந்த உயரத்திலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். மூக்கைச் சற்றே தாழ்த்தினாலும் வேகம் கோட்டைத் தொட்டுவிடும். சக்கரங்களை இறக்கிவிட்டு, காற்றைத் தடுக்க வைத்து, படிப்படியாக வந்தார்கள். மேகத்தின் ஈரம் கண்ணாடியில் பட்டபோதுதான் நல்லசிவம் ஒரு முழு மூச்சு விட்டார்.

தரையில் உதவியாளர்கள் இருவருடைய ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டுப் போனார்கள். உடை மாற்றும் அறையில் எதிரெதிரே பெஞ்சுகள். ரெஜினா குனிந்து காலணியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் தண்ணீர் குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "குலுங்கின உடனேயே."

"இல்ல."

"இல்லையா?"

"நீங்க சொன்ன பிறகுதான் புரிஞ்சுது."

நல்லசிவம் டம்ளரை வைத்தார்.

"நான் பிழை பண்ணியிருந்தா நீங்க ஸ்டிக்கைப் பிடிச்சிருப்பீங்க. இல்லையா?"

"பிடிச்சிருக்க முடியாது."

"ஏன், கை எங்க இருந்துச்சு?"

ரெஜினா நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். இருக்கைப் பட்டையின் அச்சு புறங்கைகளில் சிவப்பாகப் பதிந்து கிடந்தது.

"தொடைக்கு அடியில வெச்சு அழுத்தி உட்கார்ந்திருந்தேன்."

"எதுக்கு?"

"சும்மா விட்டிருந்தா அதுவும் யோசிக்காம மூக்கை இறக்கியிருக்கும். என் கையை எனக்குத் தெரியும், சார்."