எந்த நூல்?

முத்தையாவுக்கு நாற்பத்தாறு வயசு. கிராமத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, லேட்டாக ஆபரேஷன் படிக்க வந்த டாக்டர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் ஜெசிந்தா அவரைவிட எட்டு வயசு சின்னவர். அதில் முத்தையாவுக்கு வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் செங்கமலத்தின் முகத்தில் முழிக்கத்தான்.

செங்கமலம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. நோய் போய்விட்டது. ஆனால் கதிர் பட்ட சதை உள்ளுக்குள்ளேயே காய்ந்துகொண்டே வந்து, போன வருஷம் மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்தது.

முத்தையா வயிற்றில் பை வைத்து, மலத்தை அதற்குள் திருப்பிவிட்டு, ஓட்டையைத் தைத்தார். பிரிந்தது. மறுபடி தைத்தார். மறுபடி பிரிந்தது. ஓட்டை அடைபட்டால்தான் பை போகும். பை போனால்தான் அடுப்பு பக்கம் போவேன் என்று செங்கமலம் ஒரே பிடியாக நின்றார்.

"இந்தத் தடவையும் நீங்கதானா சார்?" என்றார், தியேட்டர் வாசலில். "நூலையாச்சும் மாத்துங்க. எங்க சாக்கு தைக்கிற நூலே இதைவிட நிக்கும்."

முத்தையாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. உள்ளே போனதும் கேட்டார்.

"எந்த நூல் போடலாம் மேடம்?"

ஜெசிந்தா கத்தியை நீட்டினார். "ஓட்டையோட ஓரத்தை வெட்டுங்க."

வெட்டினார்.

"என்ன வருது?"

"ஒண்ணும் வரலை."

"இன்னும் கொஞ்சம்."

வெட்டினார். வெளுத்த சதை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா மேடம். ரத்தமே இல்லாம சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

நர்ஸ் மாஸ்க்குக்குள் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "ரத்தம் ஓடாத சதை ஒட்டாது."

கதிர் படாத தொடையைத் திறந்தார். நீளமான ஒரு தசையை, அதன் ரத்தக்குழாய் அறுபடாமல் பிரித்து, தோலுக்கு அடியிலேயே ஓட்டை வரைக்கும் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம். முத்தையாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. நகரவில்லை.

தசையின் நுனியை ஜெசிந்தா லேசாகக் கீறினார். சிவப்பாகக் கசிந்தது.

"துடைங்க."

துடைத்தார். மறுபடி கசிந்தது.

"துடைங்க."

மறுபடியும்.

முத்தையா ஊசிக்குக் கையை நீட்டினார். "எந்த நூல் மேடம்?"

"எது கைக்கு வருதோ அது."