பழைய வானம், புது வானம்

கடலோர ஊர் ஒன்றில் கோளரங்கம் இருந்தது. அங்கே வானத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் கிழடாகி, பாதிக் காட்சியில் நின்றுபோனது. "இவ்வளவு பழைய சிஸ்டத்தை அப்கிரேடு பண்ண முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்" என்று இன்ஜினியர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இயக்குநர் அதிவீரபாண்டியன், டிக்கெட் கொடுக்கும் கோமளாவைக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் தெரியும்னுதானே வேலைக்கு வந்தே? சிஸ்டம் புதுசாகணும். ஆனா பழசுல ஒரு புள்ளிகூட அழியக் கூடாது. முடியலேன்னா நாளையிலிருந்து வராதே."

"சரிங்க சார். ஒரு புது ஹார்டு டிஸ்க் மட்டும் வாங்கிக் கொடுங்க."

மறுநாள் காட்சிக்கு முன்னால் வந்து பார்த்த இயக்குநர் கத்தினார்: "புதுசாப் போட்டுட்டியா! அப்போ எல்லாம் அழிஞ்சுதா?"

கோமளா பழைய டிஸ்க்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இதைக் கழற்றி வச்சுட்டு, புது டிஸ்க்குலதான் சிஸ்டம் போட்டேன் சார். அப்புறம் இதுல இருந்த நட்சத்திரங்களை அதுக்கு நகலெடுத்தேன். பழசுல ஒரு புள்ளிகூட அழியல. உங்க கையிலயே இருக்கு."

அவர் வாய் திறப்பதற்குள் கோமளா விளக்குகளை அணைத்தாள். கூரை முழுவதும் நட்சத்திரங்கள் பூத்தன. பள்ளிப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். காட்சி முடிந்தும் இயக்குநர் அண்ணாந்தபடியே நின்றார்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் விளக்கைப் போடாதே" என்றார்.